வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்: சிட் பாரெட், ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு ஆரஞ்சு, ஒரு பிளம் பழம், ஒரு தீப்பெட்டி.

1965 கோடைக்காலம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் நண்பர் ஒருவரின் வீட்டுத் தோட்டம். எல்எஸ்டி என்ற மாயக்காட்சி தரும் போதைப்பொருளைச் சாப்பிட்டிருந்த பத்தொன்பது வயது இளைஞர் இந்த மூன்று பொருட்களையும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்எஸ்டி அப்போது பிரிட்டனில் சட்டவிரோதம் இல்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில்தான் தடை வந்தது. பிளம் அவருக்கு வெள்ளிக் கிரகமாகவும் ஆரஞ்சு வியாழனாகவும் தெரிந்தன, இரண்டுக்கும் நடுவே அவர் மிதந்துகொண்டிருந்தார் என்று கதை பின்னால் வளர்ந்தது.

அந்த இளைஞர் ரோஜர் கீத் பாரெட். உலகம் அறிந்த பெயர் சிட் பாரெட். பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவுக்குப் பெயர் வைத்தவர், அதன் ஆரம்பகாலப் பாடகர், கிட்டார்காரர், முதல் ஆல்பத்தின் பெரும்பாலான பாடல்களை எழுதியவர். குழு பிரபலமான ஓராண்டுக்குள் அதிலிருந்து கழன்றார். பிறகு தனியாக இரண்டு ஆல்பம். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் மௌனம்.

இந்த மௌனம்தான் சிக்கல். பேசாமல் போனவரை ஞானி ஆக்குவது எளிது. சீனத்துக் குறி நூல் யி ஜிங், கிரேக்கத்துப் பான் தேவன், பஞ்சாப் ஆன்மிக குரு என்று அவர் வாழ்க்கையில் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதைக் கூட்டிச் சேர்த்து, ராக் இசையின் சித்தராகவே அவரைப் பார்க்கிற ரசிகர் கூட்டம் இன்றும் உண்டு. நமக்கும் இது சுலபமாக ஒட்டிக்கொள்ளும். சிவனையே பித்தன் என்று செல்லமாகக் கூப்பிட்ட மொழி நம்முடையது. ஆனால் ஒவ்வொரு துண்டையும் தனியாக எடுத்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கிற ஆள் வேறு. சித்தரும் இல்லை, வெறும் போதையில் கெட்டவரும் இல்லை. கையில் கிடைத்ததை எல்லாம் வெட்டி ஒட்டுகிற ஒரு ஓவியர்.

பழத்தைப் பார்த்த ஓவிய மாணவர்

தோட்டத்துக் கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அந்த இளைஞர் அப்போது லண்டனில் கேம்பர்வெல் ஓவியக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார் என்பதை அதே மூச்சில் யாரும் சொல்வதில்லை. ஓவிய மாணவர் பழத்தை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பார்ப்பதில் என்ன அதிசயம்? அதுதானே பாடம். எல்எஸ்டி அந்தப் பார்வையை நீட்டியிருக்கும், கோணலாக்கியும் இருக்கும். பழக்கம் பழையது.

1946 ஜனவரி 6 அன்று பிறந்தவர். அப்பா மருத்துவர், நோய்க்குறியியல் நிபுணர். 1961 டிசம்பரில் புற்றுநோயில் இறந்தார். மகனுக்கு அப்போது பதினாறு வயதுகூட முடியவில்லை. அம்மா வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை நடத்தினார். பக்கத்திலேயே இருந்த, பின்னால் பிங்க் ஃபிளாய்டில் கூட வாசித்த ரோஜர் வாட்டர்ஸின் வீட்டிலும் மாணவிகள் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். கொடியில் காயப்போட்ட அவர்களுடைய உள்ளாடைகளை எவனோ திருடிக்கொண்டு போனான். பல வருடம் கழித்து, 1967 மார்ச்சில் வெளிவந்த பிங்க் ஃபிளாய்டின் முதல் சிங்கிள் 'ஆர்னல்ட் லேன்' அந்தத் திருடனைப் பற்றிய பாட்டு. முதல் தடவையே பிரிட்டிஷ் இசை விற்பனைப் பட்டியலில் 20ஆவது இடம்.

இந்த வழக்கில் இதையும் ஒரு சாட்சியமாக வைக்க வேண்டும். பாரெட்டின் பாடல்கள் பெரும்பாலும் வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்புகின்றன. 'லூசிஃபர் சாம்' என்ற தலைப்பைப் பார்த்துவிட்டுச் சாத்தான் வழிபாடு என்று பயப்பட்டவர்கள் உண்டு. அது அவர் வளர்த்த சயாமிஸ் பூனையைப் பற்றியது. இன்னொரு பாட்டில் ஒரு குள்ள பூதம் வருகிறது. அதன் வேலை சாப்பிடுவது, தூங்குவது, ஒயின் குடிப்பது. மற்றொன்று சைக்கிளைப் பற்றி. அதுவும் இரவல் சைக்கிள்.

குழுவின் பெயரும் அப்படித்தான். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்று இரண்டு அமெரிக்க ப்ளூஸ் பாடகர்கள். ஒரு இசைத்தட்டு உறையின் பின்னால் அச்சாகியிருந்த குறிப்பிலிருந்து இரண்டு பெயரையும் எடுத்து ஒட்டினார். பறக்கும் தட்டுக்காரர்கள் தனக்குச் சொன்ன பெயர் என்று அவரே கதை விட்டதாகவும் ஒரு பேச்சு உண்டு. வெட்டி ஒட்டுவது, ஒட்டிய இடம் தெரியாமல் மேலே ஒரு கதையைப் பூசுவது, இரண்டுமே அவருக்குக் கைவந்த கலை.

ஹோட்டலில் ஒரு குரு

அவர் உண்மையாகவே ஒரு ஆன்மிக வாசலைத் தட்டியது ஒரே ஒரு தடவை. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1960களின் நடுவில் கேம்பிரிட்ஜ் நண்பர் வட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பகுதி எல்எஸ்டி பக்கம் போனது, இன்னொரு பகுதி சந்த் மத் என்ற இந்திய ஆன்மிக வழிக்குத் திரும்பியது. கபீர், நானக் வழியில் வந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆக்ராவில் சிவ் தயாள் சிங்கிடமிருந்து புது உருவம் எடுத்த மரபு இது. பஞ்சாபில் பியாஸ் ஆற்றங்கரையில் உள்ள ராதா சோவாமி சத்சங் அதன் ஒரு பெரிய கிளை. அன்று அதன் தலைவர் மகாராஜ் சரண் சிங். 1951இல் அந்தப் பொறுப்புக்கு வருவதற்கு முன் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். சொற்பொழிவுகளில்கூட ஒரு வக்கீலின் நிதானம் இருக்கும் மனிதர்.

விதிகள் கறாரானவை. மாமிசம் கூடாது, முட்டை கூடாது, மது கூடாது, போதைப்பொருள் கூடவே கூடாது. தினமும் இரண்டரை மணி நேரம் தியானம். அந்தத் தியானம் எதை நோக்கி? உள்ளே ஒலிக்கும் நாதத்தை நோக்கி. புலன்களை அடக்கி உட்கார்ந்தால் மணியோசை, சங்கொலி, குழலோசை என்று படிப்படியாகக் கேட்கும். அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு உயிர் மேலே ஏறலாம் என்பது அவர்கள் போதனை. நாதம், விந்து என்றெல்லாம் சித்தர் பாடல்களில் படித்திருக்கும் நமக்கு இது முற்றிலும் அந்நியம் இல்லை. இசையிலேயே வாழ்கிற ஒரு இளைஞருக்கு எவ்வளவு பொருத்தமான வழி என்று பாருங்கள்!

லண்டன் வந்திருந்த குருவை ஒரு ஹோட்டலில் போய்ப் பார்த்தார் பாரெட். தீட்சை கேட்டார். கிடைக்கவில்லை. நீ இன்னும் மாணவன், முதலில் படிப்பை முடி என்பதுதான் பதிலின் சாரம்.

நம் ஊர்த் தாத்தா ஒருவர் சொல்லியிருக்கக்கூடிய பதில். அதில் எந்த மர்மமும் இல்லை. ஆனால் பாரெட் அதைப் பெரிய ஏமாற்றமாக எடுத்துக்கொண்டார் என்று கூட இருந்த நண்பர்கள் பின்னால் சொல்லியிருக்கிறார்கள். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் வாழ்க்கை சரிந்ததே அந்த ஹோட்டல் அறையிலிருந்துதான் என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. 'படிப்பை முடி' என்று சொல்லி அனுப்பப்பட்டவர் படிப்பை முடிக்கவில்லை, கல்லூரியை விட்டு இசைக்கு வந்தார். அவருடைய மிகச் சிறந்த பாடல்கள் எல்லாம் அந்த மறுப்புக்குப் பிறகு எழுதியவை. உடைந்துபோனவர் எழுதுகிற பாட்டாக அவை இல்லை, ஒரே கும்மாளம்.

ஒரு ஒப்பீடு. 1967 ஆகஸ்டில் பீட்டில்ஸில் ரிங்கோ ஸ்டார் தவிர மற்ற மூவரும் லண்டன் ஹில்டன் ஹோட்டலில் மகரிஷி மகேஷ் யோகியின் பேச்சைக் கேட்கப் போனார்கள். பின்னாலேயே கேமராக்கள் ஓடின. அடுத்த பிப்ரவரியில் ரிஷிகேஷ், மாலை மரியாதை, உலகச் செய்தி. அதே போன்ற தேடலோடு அவர்களுக்கு முன்பே ஒரு ஹோட்டலுக்குப் போன பாரெட்டை யாரும் படம் எடுக்கவில்லை. அப்போது அவர் யார்? ஓவியக் கல்லூரி மாணவர், அவ்வளவுதான். புகழ் வந்த பிறகு குருவைத் தேடுவதும், புகழ் வருவதற்கு முன் தேடி 'போய்ப் படி' என்று கேட்டு வருவதும் ஒன்றல்ல.

மூன்று காசு, ஆறு கோடு

அடுத்த சாட்சியம் காகிதத்தில் இருக்கிறது, அதனால் சோதிப்பது சுலபம். முதல் ஆல்பத்தில் 'சாப்டர் 24' என்று ஒரு பாட்டு. யி ஜிங் என்ற பழைய சீனக் குறி நூலின் 24ஆம் பகுதியிலிருந்து வந்தது.

அந்த நூல் வேலை செய்யும் விதத்தைக் கையிலேயே செய்து பார்க்கலாம். மூன்று ஒரு ரூபாய்க் காசுகளை எடுத்துக்கொள்ளுங்கள். பூ விழுந்தால் 2, தலை விழுந்தால் 3. மூன்றையும் சேர்த்துப் போட்டால் கூட்டுத்தொகை 6, 7, 8, 9 ஆகிய நான்கில் ஒன்றாகத்தான் வரும். ஒற்றைப்படை என்றால் முழுக்கோடு, இரட்டைப்படை என்றால் நடுவில் உடைந்த கோடு. ஆறு தடவை போட்டு, கீழிருந்து மேலாக ஆறு கோடுகளை அடுக்க வேண்டும். மொத்தம் 64 உருவங்கள் சாத்தியம். உங்களுக்கு வந்த உருவத்துக்கு நூலில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

இருபத்து நான்காவது உருவத்துக்குப் பெயர் ஃபூ, அதாவது திரும்பி வருதல். அடியில் ஒரே ஒரு முழுக்கோடு, அதற்கு மேலே ஐந்தும் உடைந்த கோடுகள். பூமிக்கு அடியில் இடி. இருட்டு உச்சிக்குப் போய்விட்டது, கீழே ஒரு கீற்று ஒளி மட்டும் நுழைந்திருக்கிறது. பழைய சீனர்கள் இதைக் குளிர்கால உச்சி வரும் மாதத்தோடு சேர்த்தார்கள், பகல் மறுபடி நீளத் தொடங்கும் கட்டம். 'தை பிறந்தால் வழி பிறக்கும்' என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதே சங்கதி.

ஜெர்மானியப் பாதிரியாராகச் சீனா போன ரிச்சர்ட் வில்ஹெல்ம் அந்த நூலை ஜெர்மனில் பெயர்த்தார். அதைக் கேரி பேய்ன்ஸ் ஆங்கிலத்தில் கொண்டுவர, உளவியலாளர் கார்ல் யுங் முன்னுரையோடு 1950இல் வெளிவந்தது. 1960களின் லண்டனில் நீண்ட தலைமுடி வைத்தவர்களின் அலமாரிகளில் தவறாமல் இருந்த புத்தகம் அது. பாரெட்டின் பாடல் வரிகளையும் வில்ஹெல்ம் பதிப்பின் 24ஆம் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் சிரிப்பு வரும். ஆறு கட்டங்களில் அசைவு முடியும், ஏழாவது திரும்புதலைக் கொண்டுவரும். ஏழு இளம் ஒளியின் எண். இருளுடன் ஒன்று கூட்டினால் ஏழு. பாட்டில் உள்ள இவை எல்லாம் ஏறக்குறைய அப்படியே புத்தகத்து விளக்கவுரை. மூல வாசகம், உரை, எண் கணக்கு எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டிருக்கிறார். கடைசியில் சூரிய அஸ்தமனம், சூரிய உதயம் என்று இரண்டு சொல்லை மட்டும் இழுத்து இழுத்துப் பாடுகிறார். என் காதுக்கு அந்த இரண்டு சொல்தான் பாட்டு.

இது தியானத்தில் கிடைத்த வெளிப்பாடு இல்லை, கத்தரிக்கோல் வேலை. குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. உரைநடை விளக்கவுரை ஒன்றைப் பார்த்து 'இது பாடலாகும்' என்று கண்டுபிடிக்க ஒரு கண் வேண்டும். இதே வேலையை அவர் வேறு இடங்களிலும் செய்தார். 'மடில்டா மதர்' பாட்டை முதலில் ஹிலேர் பெல்லாக்கின் குழந்தைக் கவிதைகளை வைத்து எழுதினார். உரிமை வைத்திருந்தவர்கள் ஒத்துக்கொள்ளாததால் வரிகளை மாற்ற வேண்டியதாயிற்று. 'கோல்டன் ஹேர்' ஜேம்ஸ் ஜாய்ஸ் 1907இல் வெளியிட்ட கவிதை, பாரெட் மெட்டு மட்டும் போட்டார். குழந்தைக் கவிதையும் ஜாய்ஸும் சீனக் குறி நூலும் அவருக்கு ஒரே மேசையில் கிடந்த காகிதங்கள்.

இன்னொரு விஷயம். 1968இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ரோஜர் வாட்டர்ஸ் எழுதிய, சூரியனின் இதயத்தை நோக்கிப் பயணம் போகிற பாட்டு ஒன்று உண்டு. அதன் வரிகள் சில சீனத்து தாங் வம்சக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை. அதே முறை, அதே நாடு. ஆனால் வாட்டர்ஸை யாரும் சித்தர் என்பதில்லை. அவர் தொடர்ந்து பேசினார், சண்டை போட்டார், வழக்குப் போட்டார், வரவு செலவு பார்த்தார். மர்மம் பாட்டில் இருந்திருந்தால் இருவருக்கும் சம அளவில் ஒட்டியிருக்க வேண்டும் அல்லவா?

குழலும் மறதியும்

முதல் ஆல்பத்தின் தலைப்பு 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்'. விடியலின் வாசலில் குழலூதுபவன். கென்னத் கிரஹாம் 1908இல் வெளியிட்ட 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' என்ற சிறுவர் நாவலின் ஏழாம் அத்தியாயத் தலைப்பு அது. அப்படியே எடுத்தார்.

இந்த ஒரு இடத்தில் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காண்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அந்த அத்தியாயம் நிஜமாகவே விசித்திரமானது. எலியும் அகழெலியும் காணாமல் போன நீர்நாய்க் குட்டியைத் தேடி இரவெல்லாம் படகில் போகின்றன. விடியும் நேரம் எங்கிருந்தோ குழலோசை. கண்ணன் குழலுக்கு மாடுகள் நின்ற மாதிரி அகழெலி துடுப்பை மறந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆற்றின் நடுவே தீவு. அங்கே கொம்பு முளைத்த பான் தேவன், காலடியில் பத்திரமாகத் தூங்கும் குட்டி. பயமும் பக்தியும் சேர்ந்து இரண்டும் தலை வணங்குகின்றன. குழந்தைகளுக்கான கதையில், தேரைக் கனவான் மோட்டார் கார் ஓட்டும் கூத்துக்கு நடுவே, இப்படி ஒரு தரிசனம்.

பாரெட்டுக்கு இந்தப் பகுதி மேல் இருந்த பிடிப்பு வெறும் தலைப்புத் தேவைக்கானது இல்லை. இயற்கை இயங்கும் விதத்தைப் பான் தனக்குக் காட்டியதாக அவர் நம்பினார் என்று குழுவின் மேலாளர்களில் ஒருவரான ஆண்ட்ரூ கிங் நினைவுகூர்ந்திருக்கிறார். கேம்பிரிட்ஜைச் சுற்றிலும் ஆறும் வயலும் மரமும். அப்பா மருத்துவர் என்றாலும் செடி கொடி, காளான் என்று அலைந்தவர். ஆற்றங்கரையில் எதையோ கண்டேன் என்று அந்த ஊர்ப் பையன் சொன்னால் நம்பலாம். நாதத்தைத் தேடிப் போன குருவிடம் கிடைக்காததைச் சின்ன வயதுப் புத்தகத்தின் குழலில் தேடினாரோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது என் ஊகம் மட்டுமே.

அந்த அத்தியாயத்தின் முடிவைத்தான் பலர் கவனிப்பதில்லை. பான் மறையும்போது இரண்டு பிராணிகளுக்கும் ஒரு வரம் கொடுத்துவிட்டுப் போகிறான். மறதி. கண்டதை நினைவில் வைத்துக்கொண்டு வாழ்ந்தால் மிச்ச நாளெல்லாம் சப்பென்று ஆகிவிடும் என்பதால், கண்டதே மறந்து போகும்படி செய்துவிடுகிறான். எலியும் அகழெலியும் குட்டியைத் தந்தையிடம் சேர்த்துவிட்டுத் தங்கள் பாட்டைப் பார்க்கப் போகின்றன.

ஒலி எங்கிருந்து வந்தது

'அவர் கிட்டாரில் பிரபஞ்சம் கேட்கும்' என்று எழுதுகிறவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. அது மிலானில் தயாரான பின்சன் எக்கோரெக் என்ற எதிரொலிப் பெட்டி. டேப்புக்குப் பதிலாக உள்ளே காந்தப் பூச்சுள்ள ஒரு உருளை சுழலும். அதைச் சுற்றிப் பல வாசிப்புத் தலைகள். ஒரு தடவை தந்தியைத் தொட்டால் ஒலி நாலைந்து தடவை திரும்பி வரும். தந்தி மேல் சிப்போ லைட்டரை வைத்துத் தேய்த்தால் ஊளையிடும். கிட்டாரைச் சாதாரணமாக வாசிக்காமல் பொருட்களால் சீண்டுகிற முறையை ஏஎம்எம் என்ற சோதனை இசைக்குழுவின் கீத் ரோவிடம் பார்த்துக் கற்றார். கிட்டார் உடம்பில் வட்ட வட்டமாகக் கண்ணாடித் துண்டுகள் ஒட்டியிருந்தார். டாட்டனம் கோர்ட் சாலையில் அயர்லாந்துக்காரர்களின் நடனக் கூடத்தில் இரவுகளில் நடந்த யூஎஃப்ஓ கிளப்பில் வண்ண விளக்குகள் அதில் பட்டுச் சிதறும். ஆல்பத்தின் முதல் பாட்டில் தொலைதூரத்திலிருந்து கிரகங்களின் பெயரைச் சொல்லும் குரல் இன்னொரு மேலாளரான பீட்டர் ஜென்னருடையது. லண்டன் பொருளாதாரக் கல்லூரி விரிவுரையாளர், மெகாஃபோனில் பேசுகிறார். அந்தப் பாட்டில் காமிக்ஸ் நாயகன் டான் டேரும் வந்து போகிறான்.

இதனால் மாயம் குறையவில்லை. என்னைப் பொறுத்தவரை கூடுகிறது.

இலையுதிர் காலம்

ஆல்பம் 1967 ஆகஸ்டில் வந்தது, பட்டியலில் 6ஆம் இடம். அதற்குள்ளாகவே பாரெட் மாறத் தொடங்கியிருந்தார். நவம்பரில் அமெரிக்கப் பயணம். மேடையில் கிட்டார் தந்திகளைத் தளர்த்தித் தொங்கவிட்டு நின்றார். அமெரிக்கப் பாடகர் பேட் பூனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் கேள்வி கேட்டால் பதில் இல்லை, வெறித்த பார்வை மட்டும். பயணத்தைச் சுருக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

உதவிக்கு ஊர் நண்பர் டேவிட் கில்மோர் வந்து சேர்ந்தார். ஐந்து பேராக நடத்திய ஒத்திகை ஒன்றில் பாரெட் புதுப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். தலைப்பு 'ஹாவ் யூ காட் இட் யெட்'. 'இப்ப புரிஞ்சுதா?' என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் மெட்டைப் பிடித்ததும் அவர் அடுத்த தடவை மாற்றிவிடுவார். மறுபடி பிடிப்பார்கள், மறுபடி மாறும். 'இப்ப புரிஞ்சுதா?' என்று அவர் பாட, 'இல்லை' என்று அவர்கள் பாட வேண்டும். ஜென் குருவின் புதிர் என்கிறார்கள் ரசிகர்கள். வாட்டர்ஸ் அதை ஒரு அபாரமான குறும்பு என்று பின்னால் சொன்னார். எனக்கு மூன்றாவது விளக்கமும் உண்டு: ஒரே பாட்டைத் தினமும் ஒரே மாதிரி வாசிக்கச் சொன்ன தொழிலின் மேல் அவருக்கிருந்த கடுப்பு.

1968 ஜனவரி 26. சவுத்தாம்டனில் கச்சேரி. வண்டி லண்டனில் கிளம்பியது. சிட்டைக் கூட்டிக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம், விடு என்று இன்னொருவர் சொன்னார். அவ்வளவுதான், வண்டி திரும்பவில்லை. ஏப்ரலில் முறைப்படி அறிவித்தார்கள். அவர் விட்டுப்போன கடைசிப் பாட்டான 'ஜக்பேண்ட் ப்ளூஸ்', என்னை இங்கே இருப்பதாக நினைத்துக்கொண்டதற்கு நன்றி, ஆனால் நான் இங்கே இல்லை என்ற தொனியில் தொடங்குகிறது. அதற்குச் சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பேண்ட் வாத்தியக்காரர்களை ஸ்டுடியோவுக்கு அழைத்து, இஷ்டப்படி வாசியுங்கள் என்றார். தயாரிப்பாளர் நார்மன் ஸ்மித் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நோய்க்குப் பெயர் வைப்பதை இந்த ஆய்வு செய்யாது. மருத்துவர் அல்லாதவர்கள் ஐம்பது ஆண்டுகளாக அதைச் செய்து சலித்துவிட்டார்கள். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். உதவி தேவைப்பட்ட இருபத்தொரு வயது இளைஞரின் மௌனத்தை 'ஞானம்' என்று கொண்டாடிய கூட்டம் அவரைச் சுற்றி அன்றே இருந்தது. மனநல மருத்துவர் ஆர்.டி. லைங்கிடம் அவரைக் காட்டப் போனபோது பாரெட் காரிலிருந்து இறங்கவே இல்லை என்பார்கள். பித்தும் ஞானமும் ஒன்றே என்ற பேச்சு அந்தக் காலத்து லண்டனில் நாகரிகம். அந்த நாகரிகத்துக்கு அவர் கொடுத்த விலை கொஞ்சநஞ்சம் இல்லை.

ரோஜர்

1970இல் இரண்டு தனி ஆல்பங்கள். 1974இல் அவற்றை ஒன்றாகக் கட்டி மறுவெளியீடு செய்தபோது அட்டையில் என்ன வைத்தார்கள் தெரியுமா? ஒரு ஆரஞ்சு, ஒரு பிளம், ஒரு தீப்பெட்டி. அட்டையை உருவாக்கியது ஸ்டார்ம் தார்கர்சனின் ஹிப்னோசிஸ் நிறுவனம். தார்கர்சன் அந்தக் கேம்பிரிட்ஜ் நண்பர்களில் ஒருவர். தோட்டத்தில் நடந்த தனிப்பட்ட சங்கதி கடையில் விற்கும் குறியீடாக மாறிய இடம் இது. சித்தர் உருவம் எங்கே அச்சானது என்று கேட்டால் இந்த அட்டையைக் காட்டுவேன்.

1975 ஜூன் 5 அன்று, பிங்க் ஃபிளாய்ட் அவரை நினைத்தே எழுதிய பாட்டின் வேலை லண்டன் ஆபி ரோட் ஸ்டுடியோவில் நடந்துகொண்டிருந்தபோது, தலையையும் புருவத்தையும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்து நின்றார். பழைய நண்பர்களுக்கே நெடுநேரம் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிலர் அழுதார்கள்.

1982இல் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு, சுமார் 80 கிலோமீட்டர், நடந்தே வீடு திரும்பினார். மறுபடி ரோஜர் ஆனார். சிட் என்று கூப்பிட்டு யாராவது கதவைத் தட்டினால் திறப்பதில்லை. தோட்ட வேலை, சைக்கிள், தானே ஆணியடித்துச் செய்த மேசை நாற்காலிகள், கலை வரலாறு பற்றிய குறிப்புகள், ஓவியம். வரைந்து முடித்ததும் படத்தைப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அசலை எரித்துவிடுவார். இதையும் நிலையாமைத் தத்துவம், திபெத்தியத் துறவிகள் வரைந்து அழிக்கும் மணல் மண்டலம் என்று எழுதுகிறார்கள். நம் வீட்டு வாசலில் தினமும் கோலம் போட்டு மறுநாள் காலை தண்ணீர் தெளித்துக் கூட்டுகிற அம்மாக்களை யாரும் தத்துவஞானி என்று பேட்டி எடுப்பதில்லை.

2006 ஜூலை 7 அன்று கணையப் புற்றுநோயில் இறந்தார். வயது 60. நவம்பரில் வீட்டுச் சாமான்களைக் கேம்பிரிட்ஜில் ஏலம் விட்டார்கள். 77 உருப்படிகள். சுமார் 1,20,000 பவுண்ட் வசூல். சைக்கிளும் போனது.

அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு, 2001இல், பிபிசி அவரைப் பற்றி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. தங்கை ரோஸ்மேரியின் வீட்டில் உட்கார்ந்து அவரும் பார்த்தார். சில இடங்களில் சத்தம் ஜாஸ்தி என்றாராம். 'சீ எமிலி ப்ளே' பாட்டை மறுபடி கேட்டது பிடித்திருந்தது. திரையில் மைக் லெனர்ட் வந்தபோது சந்தோஷப்பட்டார். லெனர்ட் யாரென்றால், 1964 வாக்கில் லண்டன் ஹைகேட் பகுதியில் பாரெட்டும் வாட்டர்ஸும் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். கட்டடக் கலைஞர். சுழலும் கண்ணாடிகளையும் துளையிட்ட தகடுகளையும் வைத்துச் சுவரில் வண்ண ஒளியை ஓடவிடும் கருவிகளைச் செய்துகொண்டிருந்தவர். பையன்கள் வாசிக்க, அவர் விளக்கு ஆட்டுவார்.

அவரைப் பார்த்ததும் பாரெட் சொன்னாராம், அவர் என் ஆசிரியர் என்று.